புதருக்குள்ளிருந்து ஒரு வாக்குமூலம்: நகாஜிமா அட்சுஷியின் புலி மனிதனும் உளத் தற்காப்பும்

1. கேள்வி

ஜப்பானிய எழுத்தாளர் நகாஜிமா அட்சுஷியின் ‘சங்கெட்சுகி’ என்ற சிறுகதை 1942 பிப்ரவரியில் ‘புங்ககுகாய்’ இதழில் வெளிவந்தது. கவிஞனாக நிலைக்க ஆசைப்பட்டுத் தோற்றுப்போன ஓர் அதிகாரி புலியாகிவிடுகிறான். காட்டுவழியே வந்த பழைய நண்பனிடம், புதருக்குள் மறைந்திருந்தபடியே தன் கதையைச் சொல்கிறான். ஒரே அமர்வில் படித்து முடித்துவிடக்கூடிய கதை. போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளாக உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்று வருவதால், ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பதின்ம வயதிலேயே இந்தப் புலியைச் சந்தித்துவிடுகிறார்கள்.

கதையின் பிற்பகுதியில் புலி தன்னைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்கிறது. தன்னுடைய தற்பெருமை கோழைத்தனமானது, தன்னுடைய கூச்சம் இறுமாப்பு மிகுந்தது, இவை இரண்டும் சேர்ந்தே தன்னை விலங்காக்கின என்கிறது. உலகச் சிறுகதைகளில் ஒரு பாத்திரம் தன்னைத்தானே இத்தனை துல்லியமாக ஆராய்ந்து சொல்லும் இடங்கள் குறைவு. இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுதான்: இந்தத் தன்விளக்கம் அவனுடைய உளத் தற்காப்புகள் உடைந்ததற்கான அடையாளமா, அல்லது அவனிடம் எஞ்சியிருந்த கடைசித் தற்காப்பா? இரண்டாவதே சரி என்பது என் வாதம். அந்தத் தன்விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையைக்கூட ஒருவன் கேடயமாக ஏந்த முடியும் என்பதை இக்கதை காட்டுகிறது.

2. கதையும் அதன் மூலமும்

நகாஜிமா 1909இல் டோக்கியோவில் பிறந்தார். தந்தை பள்ளிகளில் செவ்வியல் சீனம் கற்பித்தவர். தாத்தா சீனச் செவ்விலக்கியத்தில் ஊறிய அறிஞர். நகாஜிமா யோகோஹாமாவில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1941இல் அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்த பலாவ் தீவுக்குப் பாடநூல் தயாரிக்கும் அரசுப் பணியில் போனார். வாழ்நாள் முழுவதும் வதைத்த ஆஸ்துமாவால் 1942 டிசம்பரில், 33 வயதில், இறந்தார். அவர் பெயர் இலக்கிய உலகில் பரவலாகத் தெரியவந்தது அந்தக் கடைசி ஆண்டில்தான்.

‘சங்கெட்சுகி’யின் கதைக்கரு அவருடைய கற்பனை அல்ல. ‘ரென்ஹூ ஜுவான்’ என்ற, மனிதன் புலியான சீனத் தாங் காலக் கதையை அவர் எடுத்தாண்டார். மூலத்தில் லி ஜெங் எனப்படும் நாயகன் ஜப்பானிய உச்சரிப்பில் ரிச்சோ ஆகிறான். நண்பன் யுவான் சான், என்சான் ஆகிறான்.

ரிச்சோ இளம் வயதிலேயே அரசுத் தேர்வில் வென்றவன். மேலதிகாரிகளின் முன் மண்டியிட மனமில்லாமல், கவிதையால் காலம் கடந்து நிற்கலாம் என்று பதவியை விட்டு ஒதுங்குகிறான். பெயர் வரவில்லை, வறுமை வந்தது. மனைவி மக்களுக்காக மீண்டும் ஒரு சிற்றூர்ப் பதவியை ஏற்கிறான். ஒருகாலத்தில் அவன் மந்தபுத்திக்காரர்கள் என்று ஒதுக்கியவர்கள் இப்போது அவனுக்கு ஆணையிடும் இடத்தில் இருக்கிறார்கள். ஓராண்டு கழித்து, அலுவல் பயணத்தில் ஆற்றங்கரையில் தங்கிய ஓர் இரவு, சித்தம் கலங்கி இருளுக்குள் ஓடியவன் திரும்பவில்லை. மறு ஆண்டு, அரசின் கண்காணிப்பு அதிகாரியாகத் தென்திசை போய்க்கொண்டிருந்த என்சான், விடியலுக்கு முன் காட்டுவழியில் அவன் குரலைக் கேட்கிறான்.

3. இதுவரையான வாசிப்புகள்

வகுப்பறை வாசிப்பு பரவலானது. திறமை இருந்தும் அதைத் தீட்ட உழைக்காதவனின் வீழ்ச்சியாக அது கதையைப் பார்க்கிறது. ரிச்சோவின் தன்விளக்கத்தையே கதையின் கருத்தாக எடுத்துக்கொள்கிறது. தேர்வுத்தாளில் கேட்க வசதியான வாசிப்பு. ஆனால் ஒரு பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கதை அப்படியே வழிமொழிகிறது என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவது வாசிப்பு இருத்தலியம் சார்ந்தது. நகாஜிமா காஃப்காவை அறிந்திருந்தார். பூச்சியான கிரிகோர் சாம்சாவுக்கு நேர்ந்ததைப் போலவே ரிச்சோவுக்கு நேர்ந்ததற்கும் காரணம் இல்லை, காரணமின்மையே கதையின் மையம் என்கிறது இந்த வாசிப்பு. கதையின் முற்பகுதிக்கு இது பொருந்தும். பிற்பகுதியில் ரிச்சோ அடுக்கும் காரணங்களை இதனால் விளக்க முடியவில்லை.

மூன்றாவது, நோயோடும் பெயர் தெரியாமையோடும் போராடிய எழுத்தாளரின் உருவத்தைப் புலியில் காண்பது. அனுதாபத்தோடு செய்யப்படும் வாசிப்புதான், எனினும் நம் கேள்விக்கு அது அதிகம் உதவாது.

4. தற்காப்பு என்னும் கருத்து

தாங்க முடியாத எண்ணங்களிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை சிக்மண்ட் ஃப்ராய்டு 1894இல் எழுதினார். அவர் மகள் அன்னா ஃப்ராய்டு 1936இல் வெளியிட்ட நூலில் அந்த வழிமுறைகளை வரிசைப்படுத்தினார். அவற்றில் நமக்கு முக்கியமானது அறிவுமயமாக்கல்: வலிக்கும் ஒன்றை ஆராய்ச்சிப் பொருளாக்கி, அதைப் பற்றி அழகாகப் பேசுவதன் மூலம் வலியைத் தள்ளிவைப்பது. பின்னாளில் உளவியலாளர்கள் எட்வர்ட் ஜோன்ஸும் ஸ்டீவன் பெர்க்லஸும் 1978இல் வேறொன்றைக் கவனப்படுத்தினார்கள். தோல்வி வந்தால் அதைத் தன் திறமையின் மீது யாரும் சுமத்தாதபடி, முன்கூட்டியே தனக்கொரு முட்டுக்கட்டையைத் தேடிக்கொள்ளும் பழக்கம் அது.

மூன்றாவது கருவி ஸ்காட்லாந்து உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பெர்ன் 1943இல், அதாவது இக்கதை வந்த மறு ஆண்டில், விவரித்த ‘அறத் தற்காப்பு’. கொடுமைப்படுத்தப்பட்ட குழந்தைகள் பெற்றோரைக் குறைசொல்ல மறுத்துத் தாங்களே கெட்டவர்கள் என்று ஒப்புக்கொள்வதை அவர் கண்டார். காரணமில்லாமல் தண்டிக்கும் உலகில் வாழ்வதைவிட, நியாயமான உலகில் குற்றவாளியாக வாழ்வது மனத்துக்குப் பாதுகாப்பானது. குற்றத்தை ஏற்றுக்கொண்டால் உலகத்துக்கு ஒரு ஒழுங்கு கிடைத்துவிடுகிறது.

நகாஜிமா இவற்றைப் படித்து எழுதினார் என்று நான் கூறவில்லை. கதைக்குள் இருக்கும் ஒரு முரணை விளக்க இவை உதவுகின்றன என்பதே என் கூற்று.

5. மனிதனாக இருந்தபோது

ரிச்சோவின் மனித வாழ்வில் தற்காப்புகளை இனம்காண்பது எளிது, அவனே பட்டியலிட்டுத் தருகிறான். நல்ல ஆசிரியரை நாடவில்லை, சக கவிஞர்களோடு பழகிக் கவிதையைத் தீட்டிக்கொள்ளவில்லை. அதே நேரத்தில் சாதாரண மனிதர்களோடு சேரவும் மனம் ஒப்பவில்லை. தான் மாணிக்கம் இல்லையோ என்ற அச்சம் உழைக்க விடவில்லை. மாணிக்கமாக இருக்கலாம் என்ற அரை நம்பிக்கை ஊரோடு ஒட்ட விடவில்லை என்பது அவன் வாதத்தின் சாரம். ஜோன்ஸும் பெர்க்லஸும் பேசிய பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் காட்டாத கவிதையை யாரும் நிராகரிக்க முடியாது.

இன்னொரு பழக்கத்தைப் பற்றி அவன் சொல்வதில்லை. என்சானின் நினைவின் வழியாகக் கதை அதைச் சொல்கிறது. இளமையிலிருந்தே ரிச்சோவுக்குத் தன்னைத்தானே எள்ளிக்கொள்ளும் வழக்கம் உண்டு. குகையில் படுத்திருக்கும்போதுகூடத் தன் கவிதைத் தொகுப்பு தலைநகர் சாங்கானின் ரசிகர்களின் மேசைமேல் கிடப்பதாகக் கனவு வருகிறது என்று சொல்லி, சிரித்துக்கொள் என்கிறான் புலி. கேட்கும் என்சான் அந்தப் பழைய வழக்கத்தை நினைத்து வருந்துகிறான். மற்றவர் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிட்டால் அவர்கள் சிரிப்புக்கு வலு இராது. உருவம் மாறியும் இந்தப் பழக்கம் மாறவில்லை என்பதை ஆசிரியர் மெனக்கெட்டு நமக்குக் காட்டியிருக்கிறார். தற்காப்புகள் அத்தனையும் உதிர்ந்துவிட்டன என்று நம்பும் வாசகர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

6. மூன்று விளக்கங்கள்

ரிச்சோ தான் புலியானதற்கு ஒரு விளக்கத்தோடு நிற்பதில்லை. மூன்று தருகிறான். அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

முதல் விளக்கம்: காரணம் தெரியாது. திணிக்கப்பட்டதை ஏற்று, ஏனென்று அறியாமலே வாழ்ந்துகொண்டிருப்பதுதான் உயிர்களின் விதி என்கிறான். இதைச் சொல்லும் பகுதியில் கதை நடுங்குகிறது. கண்விழித்தபோது வாயில் முயலின் இரத்தம். சுற்றிலும் சிதறிய மயிர். நாளுக்குச் சில மணிநேரம் மனித மனம் திரும்பி வருகிறது, அந்த நேரமும் குறுகிக்கொண்டே போகிறது. எப்படிப் புலியானோம் என்று வியந்தவன், அண்மையில் ஒருநாள், முன்பு ஏன் மனிதனாக இருந்தோம் என்று தான் வியந்துகொண்டிருப்பதைக் கண்டு திகைக்கிறான். கதையில் எனக்கு மிகவும் அச்சமூட்டும் இடம் இதுதான். இங்கே அலங்காரம் இல்லை, தத்துவமும் ஒரு வரிக்கு மேல் இல்லை.

இரண்டாவது விளக்கம், தன் பழைய கவிதைகளை என்சானிடம் சொல்லி ஒப்படைத்த பிறகு வருகிறது. காரணம் தெரியாது என்றேனே, யோசித்தால் தெரியாமல் இல்லை என்று தொடங்குகிறான். கோழைத்தனமான பெருமை, இறுமாப்பான கூச்சம் என்ற சூத்திரம் இங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு மனிதனும் தன் இயல்பு என்ற விலங்கை அடக்கும் பயிற்சியாளன், தன் விலங்கு அந்தக் கூச்சம், அது மனைவியையும் நண்பர்களையும் வதைத்துக் கடைசியில் தன் உடலையும் உள்ளத்துக்கு ஏற்றபடி மாற்றிவிட்டது என்று வாதம் முழுமை பெறுகிறது. நடுக்கம் நின்றுவிடுகிறது, வாக்கியங்கள் அணிவகுக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் அவன் உடனுக்குடன் இயற்றிச் சொல்லும் செவ்வியல் கவிதை ஒன்று இருக்கிறது. அதில் தன் நிலைக்குச் சித்தப்பிரமையையும், தப்ப முடியாமல் தொடர்ந்து வந்த இடர்களையும் காரணமாக்குகிறான். கவிதை விதியைப் பழிக்கிறது. அதைச் சொல்லி முடித்த கையோடு வரும் உரைநடை தன்னைப் பழிக்கிறது. அந்தக் கவிதையை நகாஜிமா சீன மூலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார், அதனால் நேர்ந்த முரண் இது என்று தள்ளிவிடலாம். ஆனால் உரைநடை விளக்கம் முழுக்க நகாஜிமாவின் சேர்க்கை. கவிதைக்கு அடுத்தபடியாக அதை வைத்தவரும் அவரே. சீனச் செவ்விலக்கியம் குடும்பச் சொத்தாக வந்த ஒருவர் இந்த முரணைப் பார்க்காமல் விட்டிருப்பார் என்று நம்ப எனக்கு மனமில்லை.

ஃபேர்பெர்னின் கருத்து இங்கே துணைக்கு வருகிறது. முதல் விளக்கத்தின் உலகில் எதுவும் யாருக்கும் நேரலாம். அந்த உலகில் ரிச்சோவால் சில கணங்களுக்கு மேல் நிற்க முடியவில்லை. இரண்டாவது விளக்கத்தின் உலகில் அவன் குற்றவாளி, ஆனால் அவனுக்கு நேர்ந்ததை எழுதியவன் அவனே. புலி அவன்மீது பாய்ந்த விபத்து அல்ல. அவன் குணத்தின் தர்க்கபூர்வமான முடிவு. தன் உடலையே ஓர் உருவகமாக்கி, அதற்குப் பொருளும் எழுதிவிட்டான். கவிஞனாக ஆக முடியாதவன் தன் அழிவைத் தன் படைப்பாக்கிக்கொள்கிறான் என்றே இதைப் படிக்கிறேன்.

மூன்றாவது விளக்கம் மனைவி மக்களைப் பற்றியது. என்சானிடம் அவர்களைக் காப்பாற்றும்படி வேண்டியபின், இதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும், பசியிலும் குளிரிலும் வாடும் குடும்பத்தைவிடத் தன் அற்பக் கவிதையைப் பெரிதாக எண்ணியவன் என்பதால்தான் விலங்கானேன் என்கிறான். தாங் காலக் கதையில் குடும்பத்துக்கான வேண்டுகோள் முதலிலும் கவிதைக்கான வேண்டுகோள் பிறகும் வருகின்றன. நகாஜிமா வரிசையை மாற்றினார். மாற்றியதோடு, அந்தத் தவறான வரிசையை ரிச்சோவே கண்டுபிடித்துச் சொல்லவும் வைத்தார். என்சானோ வாசகரோ குற்றம் சாட்டுவதற்கு ஒரு கணம் முன்பாக அவனே சாட்டிவிடுகிறான். பழைய தன்னெள்ளலின் வேலையும் இதுவேதான்.

7. சொல்லாமல் விட்டது

வாக்குமூலத்தில் எது இல்லை என்று பார்ப்பது இன்னும் பயன் தரும்.

மூலக் கதையில் லி ஜெங் இரண்டு கொடுமைகளைச் சொல்கிறான். ஒன்று, மனிதனாக இருந்தபோது ஒரு கைம்பெண்ணோடு கள்ள உறவு கொண்டு, அவள் குடும்பம் தடுத்தபோது வீட்டுக்குத் தீ வைத்து எல்லோரையும் கொன்றது. புலியானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறான். மற்றது, புலியான பின் மலையடிவாரத்தில் போன ஒரு பெண்ணைத் தின்றது. அவளுடைய தலையணிகள் இன்னும் பாறைக்கடியில் கிடக்கின்றன என்கிறான். நகாஜிமா இரண்டையும் நீக்கினார். கொலைகாரனைக் கலைஞனாக உயர்த்துவதற்காக நீக்கினார் என்பது வழக்கமான விளக்கம். முதல் நீக்கத்துக்கு அது போதும்.

இரண்டாவதற்குப் போதாது. ஏனெனில் அந்த வழியில் மனிதரைத் தின்னும் புலி உண்டு என்ற எச்சரிக்கையை நகாஜிமா நீக்கவில்லை. என்சான் தங்கிய இடத்து அதிகாரி அதை வெளிப்படையாகவே சொல்கிறான். ஆக, ரிச்சோ மனிதர்களைத் தின்றிருக்கிறான். இதைப் பற்றிய அவன் வாக்குமூலம் ஒரே ஒரு வாக்கியம்: அதன்பின் தான் செய்துவருபவற்றைச் சொல்ல மனம் தாங்காது என்பதோடு கடந்துபோகிறான். தன் பெருமையைப் பற்றியும் கூச்சத்தைப் பற்றியும் அத்தனை நேரம் பேசியவனுக்கு, தன் பற்களுக்கிடையே இறந்தவர்களைப் பற்றிப் பேச ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அவன் ஒப்புக்கொள்ளும் குற்றம் ஒரு கலைஞனின் குற்றம். உழைக்காமை, கர்வம், பிறரோடு பழகாமை. அதைச் சொல்வதில் கண்ணியம் இருக்கிறது. இரத்தத்தில் அது இல்லை. சொல்லக்கூடிய குற்றத்தைக் கொண்டு சொல்ல முடியாத குற்றத்தை மூடுவது என்று உளவியல் கூறும் இடப்பெயர்ச்சி, இக்கதையில் நடப்பதாகவே நான் கருதுகிறேன்.

8. எதிர்வாதங்கள்

இவ்வளவையும் மறுக்க வலுவான சான்றுகள் கதையில் உண்டு. பாய்ந்த புலி என்சானை அடையாளம் கண்டு அந்தரத்திலேயே திரும்பிப் புதருக்குள் ஒளிகிறது. தப்பியது, தப்பியது என்று அதன் குரல் முணுமுணுக்கிறது. அந்தக் கணத்தில் எந்த உத்தியும் இல்லை, அன்பு மட்டுமே இருக்கிறது. பிறகு, திரும்பி வரும்போது இந்த வழியாக வராதே, அப்போது உன்னைத் தெரியாமல் போகலாம் என்கிறான். இதுவும் பிறர் மேலான அக்கறைதான்.

ஜப்பானிய உளமருத்துவர் டோய் தகேயோ 1971இல் வெளியிட்ட ‘அமாயே நோ கோசோ’வில், பிறர் அன்பின்மேல் சாய்ந்துகொள்ளும் ஏக்கத்தைத் தம் சமூகத்தின் அடிப்படை உணர்வாக விளக்கினார். அந்தப் பார்வையில், எவர்மீதும் சாய மறுத்தே அழிந்தவன் கடைசியில் ஒருவனிடம் கவிதையையும் குடும்பத்தையும் ஒப்படைப்பது பெரிய திறப்பு. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஓரளவு ஏற்கவும் செய்கிறேன். ரிச்சோவின் செயல்களில் திறப்பு இருக்கிறது. அவன் தன்னைப் பற்றித் தரும் விளக்கத்தில் அது இல்லை என்பதே என் வேறுபாடு.

தன் உருவத்தைக் காட்டுவதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். உரையாடல் நெடுகிலும் வெளியே வர வெட்கி மறைந்திருந்தவன், பிரிந்தபின், அருகிலுள்ள குன்றில் ஏறித் திரும்பிப் பார்க்கச் சொல்கிறான். சொன்னபடி வெளியே வந்து நிற்கிறான். வாழ்வில் முதல்முறையாகத் தன்னை உள்ளபடி ஒருவர் பார்க்க அனுமதிக்கிறான். ஆனால் அதற்கு அவன் சொல்லும் காரணம், பார்த்தவன் மறுபடி பார்க்க வரவே கூடாது என்பது. என்சானின் உயிரைக் காக்க அது தேவை என்பது மெய். இன்னொரு சந்திப்பைத் தவிர்த்துக்கொள்ளவும் அது உதவுகிறது என்பதும் மெய்.

9. நண்பனின் மௌனம்

இந்தத் தற்காப்பு நிலைக்க இன்னொருவரின் ஒத்துழைப்பும் வேண்டியிருந்தது. ரிச்சோ நினைவிலிருந்து சொல்ல, என்சானின் ஆட்கள் சுமார் முப்பது கவிதைகளை எழுதிக்கொள்கிறார்கள். கேட்கும் என்சான் வியக்கிறான். திறமை முதல்தரமானது என்பதில் அவனுக்கு ஐயமில்லை. ஆனாலும் இவை முதல்தரப் படைப்புகளாக ஆவதற்கு மிக நுட்பமான ஏதோ ஒன்று குறைகிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ரிச்சோவும் கேட்பதில்லை. எழுதிக்கொள்ளச் சொன்னான், பின்வருவோரிடம் சேர்க்கச் சொன்னான். எப்படி இருக்கிறது என்ற ஒரு கேள்வி மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. நல்லதோ கெட்டதோ, வாழ்வை அழித்துக்கொண்டு பற்றியிருந்த ஒன்றைத் துளியாவது விட்டுச்செல்லாமல் சாக முடியாது என்று மதிப்பீட்டுக்கான வாசலை முன்கூட்டியே அடைத்தும்விட்டான். ஆசிரியரையும் சக கவிஞரையும் தவிர்த்ததே தன் அழிவு என்று கொஞ்ச நேரத்தில் விளக்கப்போகிறவன் அவன். கவிதை அறிந்த ஒரே நண்பன் சில அடி தூரத்தில் நிற்கிறான். அறிவு தெளிவாக இருக்கிறது, அந்த அறிவு செயலாகவில்லை. அறிவுமயமாக்கலை மற்றத் தன்னறிவிலிருந்து பிரித்தறிய இதைவிட நல்ல சோதனை இல்லை.

என்சானின் மௌனத்தைக் கருணை என்றே பலரும் படிப்பார்கள். கதையின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: நண்பர்கள் குறைந்த ரிச்சோவுக்கு என்சான் மட்டும் நெருக்கமானவனாக இருந்ததற்குக் காரணம், அவனுடைய மென்மையான சுபாவம் ரிச்சோவின் கடுமையோடு மோதாததுதான். மோதாத நண்பனைத்தான் ரிச்சோ அன்றும் வைத்துக்கொண்டான். இன்றும் அவன் மோதவில்லை. இளமையில் ஒருமுறையாவது என்சான் அந்தக் குறையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கதைக்கு வெளியிலுள்ள கேள்வி. கதைக்குள் நடப்பது வேறு: என்சானின் மனத்தில் எழுந்த மதிப்பீட்டைக் கதைசொல்லி நம்மிடம் மட்டும் சொல்லிவிடுகிறார். ரிச்சோ வாழ்நாளெல்லாம் அஞ்சி ஓடிய அந்தத் தீர்ப்பு வாசகர் கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்து வரும் அவனுடைய மிடுக்கான தன்விளக்கத்தை நாம் கேட்கிறோம், அவனோ அதைத் தெரியாமலே பேசுகிறான்.